ஆஸ்லோவுக்கு முதல்முறை போகிறீர்களா? டிக்கெட் போடுவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள்

2025 ஏப்ரல் 17, வியாழக்கிழமை. மதியம் ஆஸ்லோவில் இறங்கி, வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி நாலு. நாங்கள் ஐந்து பேர்: நானும் கணவரும், பள்ளி விடுமுறையில் இருந்த இரண்டு பிள்ளைகள், 69 வயது மாமியார். பக்கத்துக் கடையில் பால், தயிர், காய்கறி வாங்கிச் சமைத்துக்கொள்ளலாம் என்று வெளியே கிளம்பினோம். மூன்று சூப்பர் மார்க்கெட் பார்த்தோம், மூன்றும் பூட்டிக் கிடந்தன. கதவில் ஒட்டியிருந்த தாளை போனில் மொழிபெயர்த்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஈஸ்டருக்கு முந்தைய வியாழன் நார்வேயில் அரசு விடுமுறை. மறுநாள் வெள்ளியும் விடுமுறை. கடைசியில் ஒரு பெட்டிக்கடையில் பன், வாழைப்பழம், பால், ஐந்து பேருக்கும் ஏதோ சாண்ட்விச் என்று வாங்கினோம். பில் 640 குரோனர், நம் பணத்தில் ஐயாயிரத்துக்கு மேல். பிள்ளைகள் அரை வயிற்றோடு தூங்கினார்கள்.

ஆஸ்லோவில் விலை அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்குத் தயாராகத்தான் போயிருந்தோம். நாங்கள் தயாராகாதது நாள், நேரம் விஷயத்தில். எந்த நாளில் எது மூடியிருக்கும், எந்த டிக்கெட் எந்த வண்டிக்குச் செல்லும் என்று தெரியாமல் இழந்த பணம்தான் அதிகம். அதையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன். இந்த வரிசையிலேயே நீங்களும் செய்யுங்கள். விலைகள் எல்லாம் தோராயமானவை, வருடா வருடம் கொஞ்சம் ஏறும். ஒரு குரோனர் என்றால் எட்டு ரூபாயிலிருந்து ஒன்பது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் தேதி

நம் ஊரில் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில்தான். நார்வேயில் வரிசையாகக் கடைகள் மூடும் நாட்களும் பெரும்பாலும் அதே சமயத்தில்தான் வரும். ஈஸ்டருக்கு முந்தைய வியாழன், வெள்ளி, ஈஸ்டர் ஞாயிறு, அடுத்த திங்கள் என நான்கு நாட்கள். இடையில் வரும் சனிக்கிழமை கடை திறக்கும், ஆனால் சீக்கிரமே மூடிவிடும். அப்புறம் மே 1. மே 17 அவர்களுடைய அரசியலமைப்பு நாள். ஈஸ்டரிலிருந்து 39ஆம் நாள் ஒரு வியாழன், 50ஆம் நாள் ஒரு திங்கள்.

2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5. அந்தக் கணக்கில் ஏப்ரல் 2, 3, 5, 6, மே 1, 14, 17, 25 ஆகியவை மூடும் நாட்கள். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28. அப்போது மார்ச் 25, 26, 28, 29, மே 1, 6, 17. இந்த நாட்களில் ஊருக்குள் இருப்பது தவறில்லை. மே 17 அன்று பாரம்பரிய உடையில் பள்ளிப் பிள்ளைகள் அரண்மனை வரை ஊர்வலம் போவதைப் பார்க்கவே பலர் வருகிறார்கள். போய் இறங்கும் நாளாக மட்டும் இவற்றில் ஒன்று அமைந்துவிடக் கூடாது. வீட்டில் ஒரு பிடி அரிசிகூட இல்லாத நாள் அது.

ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான். பெரிய கடைகள் ஞாயிறன்று திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். 100 சதுர மீட்டருக்கு உட்பட்ட சின்னக் கடைகளும் பெட்டிக்கடைகளும் மட்டும் திறக்கலாம், விலை கூடுதலாக இருக்கும். அதனால் செவ்வாயோ புதனோ போய் இறங்குவது நல்லது. திங்களன்று தேசிய அருங்காட்சியகம் உட்பட சில இடங்கள் மூடியிருக்கும்.

மாதம் பற்றியும் ஒரு வார்த்தை. டிசம்பரில் காலை ஒன்பதே காலுக்கு விடிந்து, மதியம் மூன்றேகாலுக்குள் இருட்டிவிடும். ஜூனில் இரவு பத்தரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். முதியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப்போவதாக இருந்தால் மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை என் தேர்வு. ஜூலையில் உள்ளூர்க்காரர்கள் பாதிப் பேர் விடுமுறைக்குக் கிளம்பிவிடுவார்கள், சில உணவகங்கள் மூடியிருக்கும். ஆனால் தீவு, பூங்கா, கடற்கரை எல்லாம் அப்போதுதான் களைகட்டும்.

2. விசா: எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதிலேயே தடுமாறுகிறார்கள்

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் ஷெங்கன் விசாதான். பாரிஸில் ஐந்து இரவு, ஆஸ்லோவில் நான்கு இரவு என்று திட்டமிருந்தால் பிரான்சுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் அதிகம் எந்த நாட்டிலோ அந்த நாடு. இரண்டும் சமம் என்றால் முதலில் எங்கே நுழைகிறீர்களோ அது. "நார்வேக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது" என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக அங்கே விண்ணப்பித்துவிட்டு, நாட்களை வேறு நாட்டில் கழிப்பது வேண்டாம். நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும்.

முதலில் நார்வே குடிவரவுத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, அங்கேயே கட்டணத்தைக் கட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் விசா விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும் விஎஃப்எஸ் மையத்தில் நேரம் பதிவு செய்ய முடியும். சென்னையிலும் மையம் இருக்கிறது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள், சிக்கலான கேஸ் என்றால் 45 நாள் வரை இழுக்கும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் ஜனவரியிலேயே தொடங்குங்கள். நாங்கள் பிப்ரவரி கடைசி வரை தள்ளிப்போட்டோம். ஏப்ரல் முதல் வாரம் போக நினைத்தது, நேரம் கிடைக்காமல் ஈஸ்டர் வாரத்தில் போய் விழுந்தது.

எடுத்துப் போக வேண்டியவை:

பாஸ்போர்ட். ஷெங்கனை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும், வழங்கி பத்து வருடத்துக்குள் இருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் விசா இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

பயணக் காப்பீடு. குறைந்தது 30,000 யூரோ, ஷெங்கன் முழுவதற்கும், போகும் நாள் முதல் திரும்பும் நாள் வரை.

பணம் இருப்பதற்கான சான்று. ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 குரோனர் என்பதை நார்வே பொதுவான அளவாகச் சொல்கிறது. ஐந்து பேர், எட்டு நாள் என்றால் 20,000 குரோனர். வங்கிக் கணக்கு அறிக்கையில் அதைவிடத் தாராளமாகவே காட்டுங்கள். கடைசி வாரத்தில் திடீரென்று வந்து விழுந்த பெரிய தொகை இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு தாள் வையுங்கள். எங்களுக்கு வைப்பு நிதி முதிர்ந்து வந்த பணம் இருந்தது, வங்கியில் ஒரு கடிதம் வாங்கி வைத்தோம்.

வருமான வரி ரிட்டர்ன், சம்பளச் சீட்டு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், தங்குமிடப் பதிவு, நாள்வாரியான பயணத் திட்டம். விமானத்துக்கு முன்பதிவு மட்டும் காட்டினால் போதும், விசா வருவதற்கு முன் பணம் கட்டி வாங்கிவிடாதீர்கள். பிள்ளைகள் வந்தால் பிறப்புச் சான்றிதழ். பெற்றோரில் ஒருவர் வரவில்லை என்றால் அவருடைய சம்மதக் கடிதம். மாமியாருக்குத் தனி வருமானம் இல்லை என்பதால் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று கணவர் கையெழுத்திட்ட கடிதமும், உறவைக் காட்டும் சான்றும் வைத்தோம்.

இன்னொன்று. 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் கைரேகையையும் முகப் படத்தையும் பதிந்துகொள்ளும் புதிய முறை வந்திருக்கிறது. முதல்முறை நுழைகிறவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஊர் வழியாகப் போனால் குடிவரவுச் சோதனை அங்கேயே முடியும். அங்கே இணைப்பு விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்தான் இருக்கிறது என்ற டிக்கெட்டை மலிவு என்று எடுக்காதீர்கள். இரண்டரை மணி நேரமாவது வேண்டும். துபாய், தோகா வழியாகப் போனால் சோதனை ஆஸ்லோவில்தான், இந்தக் கவலை இல்லை.

3. விமான டிக்கெட்டும் பெட்டிக்குள் போகும் சாப்பாடும்

ஐரோப்பாவுக்குள் வேறு ஊரிலிருந்து மலிவு விமானத்தில் வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. "ஆஸ்லோ தோர்ப்" என்று டிக்கெட்டில் போட்டிருக்கும். அது ஆஸ்லோ இல்லை. சான்டெஃப்யோர்ட் என்ற ஊர்ப் பக்கம், தலைநகரிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரமும் ஒரு நல்ல தொகையும் போகும். விமானத்தில் மிச்சம் பிடித்தது அதிலேயே கரைந்துவிடும். உங்கள் டிக்கெட்டில் ஆஸ்லோவின் முக்கிய விமான நிலையமான கார்டர்மூன் என்று இருக்க வேண்டும்.

பெட்டியில் நெய், பால்கோவா, பால் இனிப்பு, இறைச்சி எதுவும் வேண்டாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சிப் பொருளும் கொண்டுபோகத் தடை. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வத்தக்குழம்புப் பொடி, அப்பளம், அவல் ஆகியவை எங்களைக் காப்பாற்றின. ஒரு கிலோ அரிசியும் போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் அதை மட்டும் "அங்கே வாங்கிக்கலாம்" என்று விட்டோம்.

4. கார்டும் ஓடிபியும்

நார்வேயில் யூரோ செல்லாது, பணம் குரோனர்தான். நோட்டாக நிறைய மாற்றிக்கொண்டு போகத் தேவையில்லை. பொதுக் கழிப்பறை முதல் காபி வரை கார்டுதான். ஆனால் கிளம்புவதற்கு முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட வேண்டும். கடையில் தேய்ப்பது, தொட்டுக் கட்டுவது, இணையத்தில் வாங்குவது என்று மூன்றுக்கும் தனித்தனி பட்டன் இருக்கும். மூன்றையும் திறங்கள்.

எங்களுக்கு இடறியது ஓடிபியில். இந்திய சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு வேறு சிம் போட்டுக்கொண்டோம். ரயில் டிக்கெட் ஆப்பில் பணம் கட்டப் போனால் ஓடிபி இந்திய எண்ணுக்குப் போகிறது. விமான நிலையத்தில் பெட்டிகளை வைத்துக்கொண்டு, ஊசியைத் தேடி சிம்மை மாற்றி மாற்றிப் போட்டோம். அதனால் இந்திய சிம் போனிலேயே இருக்கட்டும், குறுஞ்செய்தி வருகிற அளவுக்கு ரோமிங் இயங்கட்டும். இன்டர்நெட்டுக்கு இ-சிம் போட்டுக்கொள்ளுங்கள். பேருந்து ஆப்பையும் ரயில் ஆப்பையும் ஊரிலேயே இறக்கி, கார்டைப் பதிந்து வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

கடையில் கார்டைத் தொடும்போது சில இயந்திரங்கள் "ரூபாயில் கட்டுகிறீர்களா, குரோனரிலா" என்று கேட்கும். எப்போதும் குரோனர். ரூபாயைத் தொட்டால் அவர்கள் சொல்லும் மாற்று விகிதத்தில் போய்விடும், அது எப்போதும் நமக்கு நஷ்டம்தான். உணவகத்தில் இயந்திரம் டிப்ஸ் கேட்டாலும் கட்டாயம் இல்லை. அப்படியே தாண்டிப் போகலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

5. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

கார்டர்மூன் நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வெளியே வந்ததும் ஃப்ளீடோகெட் என்ற விமான நிலைய ரயிலின் வாயில்கள் கண்ணில் படும். கார்டைத் தொட்டு உள்ளே போய்விடலாம். அலுப்பில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், நாங்களும் செய்தோம். ஆளுக்கு 250 குரோனருக்கு மேல்.

அதே நிலையத்தில், அதே தண்டவாளத்தில், வீ என்ற பொது ரயில் ஓடுகிறது. பலகையில் வி, ஒய் என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். ஆஸ்லோ மத்திய நிலையத்துக்கு 23 நிமிடம். ஃப்ளீடோகெட்டைவிட மூன்று நான்கு நிமிடம்தான் கூடுதல். கட்டணமோ ஏறத்தாழ பாதி. பிள்ளைகளுக்கும், 67 வயது தாண்டியவர்களுக்கும் அதிலும் பாதி. இன்னொரு லாபமும் உண்டு. அந்த டிக்கெட்டின் நேரம் முடிவதற்குள் நகரத்து டிராமிலும் மெட்ரோவிலும் ஏறிக்கொள்ளலாம், ஃப்ளீடோகெட் டிக்கெட்டில் அது முடியாது. நிலையத்தில் உள்ள தானியங்கியிலோ ஆப்பிலோ வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

டாக்சி என்றால் ஏறுமுன் மொத்தத் தொகையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். 2020 நவம்பருக்குப் பிறகு ஆஸ்லோவில் டாக்சித் தொழில் தாராளமாக்கப்பட்டுவிட்டது, ஒரே தூரத்துக்கு வண்டிக்கு வண்டி விலை மாறும். மீட்டர் ஓடட்டும் என்று ஏறி உட்காராதீர்கள்.

6. நகரத்துக்குள் போக்குவரத்து

பேருந்து, டிராம், மெட்ரோ, தீவுப் படகு எல்லாவற்றுக்கும் ரூட்டர் என்ற ஒரே டிக்கெட். நீங்கள் சுற்றப் போகும் இடம் பெரும்பாலும் கட்டண மண்டலம் 1. ஒரு மணி நேர டிக்கெட் 45 குரோனர் அளவில், 24 மணி நேர டிக்கெட் 130 அளவில். ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் ஏறி இறங்குவீர்கள் என்றால் 24 மணி நேர டிக்கெட்டே மேல். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட் இல்லை. மாமியாருக்கு முதியோர் டிக்கெட் உண்டு என்று தெரியாமல் இரண்டு நாள் முழு டிக்கெட் வாங்கியிருந்தோம். வெளிநாட்டவருக்கும் அந்தச் சலுகை உண்டு, வயதுச் சான்றாகப் பாஸ்போர்ட் போதும்.

இங்கே கவனமாக இருக்க வேண்டியது ஒன்று உண்டு. மெட்ரோவில் தடுப்புக் கதவு எதுவும் மூடியிருக்காது. டிராமில் நடத்துநர் கிடையாது. யாரும் கேட்க மாட்டார்கள் போலிருக்கிறது என்று தோன்றும். சாதாரண உடையில் சோதகர்கள் ஏறுவார்கள். டிக்கெட் இல்லை என்றால் அபராதம் 1,000 குரோனருக்கு மேல், ஒவ்வொருவருக்கும் தனியாக. ஏறிவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற வழக்கம் அங்கே இல்லை. வண்டி வருவதற்கு முன்பே டிக்கெட் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

போனில் இருக்கும் டிக்கெட்டுக்கு போன் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டாம் நாள் மாலை விகெலான் சிற்பப் பூங்காவிலிருந்து திரும்பும்போது எங்கள் ஐந்து டிக்கெட்டும் என் போனில்தான் இருந்தன. 18 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் அந்தக் குளிரில் சட்டென்று அணைந்துவிட்டது. பன்னிரண்டாம் எண் டிராம் எதிரே வந்து நிற்கிறது. ஏறிவிட்டுச் சோதகர் வந்தால் காட்ட ஒன்றும் இல்லை, பேட்டரி போய்விட்டது என்ற காரணமும் செல்லாது. டிராமை விட்டுவிட்டு நடந்தே போனோம். மூன்று கிலோமீட்டர். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போலாம்மா, ஒண்ணும் அவசரமில்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் குளிரில் அவர் நடந்ததை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. பவர் பேங்க் ஒன்றைக் கோட்டின் உள்பையில் வையுங்கள், வெளிப்பையில் வேண்டாம். இல்லாவிட்டால் நார்வெசென் அல்லது செவன் இலெவன் கடையில் அட்டையாக டிக்கெட் வாங்குங்கள். அந்த அட்டையை முதல்முறை வண்டியிலோ நிலையத்திலோ உள்ள கருவியில் தொட வேண்டும். தொடாத அட்டை, வாங்காத டிக்கெட் மாதிரிதான்.

சாலையைக் கடப்பதில் ஒரு எச்சரிக்கை. கோடு போட்ட இடத்தில் கால் வைத்தால் கார்கள் நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் டிராமும் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். டிராமுக்கு நாம்தான் வழிவிட வேண்டும். பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

7. எதைப் பார்ப்பது, எந்த டிக்கெட்டில்

"வைக்கிங் கப்பல் பார்க்க வேண்டும்" என்று என் மகன் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அருங்காட்சியகம் 2022இலேயே மூடப்பட்டுவிட்டது. பக்கத்தில் பெரிய கட்டடம் கட்டி, வைக்கிங் கால அருங்காட்சியகமாக 2027இல் திறப்பதாகத் திட்டம். பழைய பயணக் குறிப்புகளில் இன்னும் அது முதல் இடத்தில் இருக்கிறது. போகுமுன் திறந்தாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே பிக்தோய் தீபகற்பத்தில் துருவப் பயணக் கப்பலான ஃபிராம் அப்படியே ஒரு கட்டடத்துக்குள் நிற்கிறது, மேல்தளத்தில் ஏறி உள்ளறைகள் வரை பார்க்கலாம். மகன் சமாதானமானது அங்கேதான்.

பிக்தோய்க்குப் போக 30ஆம் எண் பேருந்து வருடம் முழுக்க உண்டு, ரூட்டர் டிக்கெட் செல்லும். நகரசபைக் கட்டடத்துக்கு எதிரிலிருந்து கிளம்பும் பிக்தோய் படகுக்குத் தனி டிக்கெட். பக்கத்துத் துறையிலிருந்து ஹூவெதோயா முதலிய தீவுகளுக்குப் போகும் படகுக்கு ரூட்டர் டிக்கெட்டே போதும். இரண்டும் அருகருகே நிற்பதால் குழப்பம் வரும். கடலில் ஒரு சுற்றுப் போக ஆசைப்பட்டு ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சுற்றுலாப் படகு பிடிப்பதைவிட, 24 மணி நேர டிக்கெட்டில் தீவுப் படகில் ஏறிப் போய்வருவதே எனக்குப் பிடித்தது.

அருங்காட்சியகங்களுக்கும் நகரப் போக்குவரத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டான ஆஸ்லோ பாஸ் எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் ஆளுக்கு 180 முதல் 220 குரோனர். ஒரு நாளில் மூன்று பார்ப்பவர்களுக்குப் பாஸ் லாபம். சின்னப் பிள்ளைகளோடு ஒரு நாளைக்கு மூன்று பார்க்க முடியாது. தேசிய அருங்காட்சியகத்தில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இலவசம் என்பதையும் கணக்கில் சேருங்கள். நாங்கள் பாஸ் எடுத்தது தேவையில்லாத செலவு. பாஸ் மண்டலம் 1, 2க்கு மட்டும்தான் செல்லும், விமான நிலைய ரயிலுக்குச் செல்லாது. மறந்துவிடாதீர்கள்.

நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்கின் "அலறல்" ஓவியம் இரண்டு இடத்தில் இருக்கிறது. 1893ஆம் ஆண்டு வரைந்தது தேசிய அருங்காட்சியகத்தில். மூங்க் அருங்காட்சியகத்தில் வேறு வடிவங்கள் உண்டு, வெளிச்சத்தில் கெட்டுவிடாமல் இருக்க ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித் திறந்து வைக்கிறார்கள். ஒன்றைப் பார்த்தால் போதும் என்பவர்கள் தேசிய அருங்காட்சியகத்துக்கே போகலாம். நேரம் குறித்து இணையத்தில் முன்பே டிக்கெட் வாங்குங்கள்.

காசு இல்லாமலே ஒரு முழு நாள் ஓட்டலாம். விகெலான் பூங்கா இரவும் பகலும் திறந்திருக்கிறது. ஓபரா மாளிகையின் சரிந்த வெள்ளைக் கூரைமேல் ஏறிக் கடலைப் பார்க்கலாம், பனி உறைந்த நாளில் மட்டும் முதியவர்கள் ஏற வேண்டாம். அதன் எதிரே டைக்மன் நூலகம்: மழைக்கு ஒதுங்க, குழந்தைகள் ஓட, கழிப்பறைக்குப் போக, உட்கார்ந்து கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட. ஆகெர்ஸ்ஹூஸ் கோட்டை வளாகமும் இலவசம்.

8. சாப்பாடு

உணவகத்தில் ஒரு தட்டு 200 முதல் 300 குரோனர், காபி 50 அளவில். ஐந்து பேர் ஒருவேளை உட்கார்ந்து சாப்பிட்டால் பத்தாயிரம் ரூபாய் போய்விடும். ஓட்டலில் தங்குகிறவர்கள் காலை உணவு அறை வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே காலை உணவு என்றால் பெரிய விருந்து, மதியம் ஒன்று வரை பசிக்காது. வீடு எடுத்தால் கிவி, ரேமா 1000 ஆகியவை மலிவான கடைகள். திங்கள் முதல் சனி வரை இரவு பதினொன்று வரைகூடத் திறந்திருக்கும். நம் சாமான்களுக்கு மத்திய நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் குரோன்லாண்ட் என்ற பகுதி. கொத்தமல்லி, பச்சை மிளகாய், துவரம் பருப்பு எல்லாம் கிடைக்கும். ஒரு கடையில் பேச்சில் யாழ்ப்பாணத் தமிழ் கேட்டு மாமியார் அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டார். அவர்கள் வழி சொல்லி, வெஸ்ட்லி போகும் மெட்ரோவில் அம்மெருட் நிறுத்தத்தில் இறங்கி, சிவசுப்பிரமணியர் கோயிலுக்கும் ஒரு நாள் போய்வந்தோம்.

வீட்டில் சமைப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். மூன்றாம் நாள் ரசத்துக்குத் தாளித்தேன். கடுகு வெடித்து, மிளகாய் வற்றல் கறுத்த அந்த நொடியில் கூரையிலிருந்து ஊளை. அறைக்கு அறை புகைக் கருவி. ஜன்னலைத் திறந்து, துண்டை வீசிக் காற்றை விரட்டி, கடைசியில்தான் நின்றது. சில கட்டடங்களில் அந்தக் கருவி நேராகத் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும். வண்டி கிளம்பி வந்துவிட்டால் அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டலாம். எண்ணெய் புகையாமல் மிதமான தீயில் தாளியுங்கள், அடுப்புக்கு மேலே உள்ள விசிறியை முதலிலேயே போடுங்கள். கருவியைக் கழற்றவோ துணியால் மூடவோ கூடாது.

தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். குழாயில் வரும் குளிர்ந்த தண்ணீர் நன்றாகவே இருக்கிறது, உணவகத்திலும் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். மது பற்றிக் கேட்பவர்களுக்கு: 4.7 சதவீதத்துக்கு மேற்பட்டது அரசுக் கடையில் மட்டும், ஞாயிறு கிடையாது, பொது இடத்தில் குடிப்பது சட்டப்படி தவறு.

9. ஆஸ்லோவில் இல்லாதவை

படங்களில் பார்க்கும் செங்குத்தான மலையும் பச்சைத் தண்ணீரும் மேற்குக் கரையில் இருக்கின்றன. ஆஸ்லோவின் கடற்கழி (ஃபியோர்டு) தாழ்வான தீவுகள் நிறைந்தது, அதன் அழகு வேறு. மேற்குக்குப் போக பெர்கன் ரயிலில் ஆறரை ஏழு மணி நேரம் ஆகும். வழியில் மிர்டாலில் இறங்கி ஃப்ளோம் மலை ரயிலைப் பிடிக்கலாம். ஒரே நாளில் போய்த் திரும்பப் பார்த்தால் உட்கார்ந்தே உடம்பு நொந்துவிடும். அங்கே ஓர் இரவு தங்குங்கள். ரயில் டிக்கெட் சீக்கிரம் வாங்கினால் மலிவு, கடைசி வாரத்தில் இரண்டு மடங்குகூட ஆகலாம்.

வடதுருவ ஒளியும் நள்ளிரவுச் சூரியனும் ஆஸ்லோவில் எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒளிக்கு ட்ரோம்ஸோ போன்ற வடக்கு ஊர்கள், செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. ஆஸ்லோவிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நள்ளிரவுச் சூரியன் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே மட்டும்தான்.

10. உடம்புக்கு முடியாமல் போனால்

ஆம்புலன்ஸ் 113, போலீஸ் 112, தீயணைப்பு 110. உயிருக்கு ஆபத்தில்லாத காய்ச்சல், அடி என்றால் 116117 என்ற எண்ணில் அவசர மருத்துவரிடம் பேசலாம். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு முழுக் கட்டணம். ரசீதும் மருத்துவர் எழுதிய தாளும் இல்லாமல் காப்பீட்டில் வாங்க முடியாது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள்.

11. திரும்பும் நாள்

விமானம் ஞாயிறன்றோ விடுமுறை நாளிலோ என்றால் வழிச்சாப்பாட்டை முந்தைய நாளே வாங்கி வைத்துவிடுங்கள். வீட்டில் சேர்ந்திருக்கும் காலி பாட்டில், டின்களையும் முந்தைய நாளே எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றுக்கும் வாங்கும்போதே 2 அல்லது 3 குரோனர் முன்பணம் பிடித்திருப்பார்கள். சூப்பர் மார்க்கெட் வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்தால் பணம். எங்கள் பிள்ளைகள் எட்டு நாளில் 46 குரோனர் சேர்த்து, ஆளுக்கு ஒரு சாக்லேட் வாங்கிக்கொண்டார்கள்.

வீ ரயில் டிக்கெட்டை முந்தைய இரவே ஆப்பில் வாங்கிவிடாதீர்கள். சில டிக்கெட்டுகள் வாங்கிய நொடியிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். நிலையத்துக்குப் போனபின், நடைமேடையில் இறங்குமுன் வாங்குங்கள். கார்டர்மூனில் பெட்டி போட்டபின் பாதுகாப்புச் சோதனை, துபாய், தோகா வழியாகத் திரும்பினால் அதற்கு அப்புறம் ஷெங்கனை விட்டு வெளியேறும் பாஸ்போர்ட் சோதனை என்று இரண்டு வரிசை. மூன்று மணி நேரம் முன்னால் இருங்கள், போன் சார்ஜ் ஏறியிருக்கட்டும்.